புள்ளிக்குப் பின்னால்

ஓர் உயிருக்கு விலை நான்கு பைட். விலை வைத்தவள் அவள்தான்.

பச்சிளங்குழந்தைப் பிரிவின் வாசலில் செருப்பைக் கழற்றினாள். ஒன்று கழன்றது. மற்றது வார் அறுந்து கையோடு வந்தது. மூன்று மாடி ஓடி ஏறியிருக்கிறாள்.

பத்தொன்பது நாளாக இங்கே ஓடுவது அவள் எழுதிய ப்ரோகிராம். குழந்தையின் எடையைக் கொடுத்தால், எத்தனை மில்லி மருந்து ஏற்றவேண்டும் என்று சொல்லும்.

எடையைப் போட்டுவைக்க ஒரு வேரியபிள். அதற்குப் பெயர் தேடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வெறும் எக்ஸ் என்று வைக்க மனம் வரவில்லை. கடைசியில் ‘பேபிவெயிட்’. பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள்.

பெயருக்கு முன்னால், அது எந்த வகை எண் என்று அறிவிக்கவேண்டும். அதற்கு அரை நொடிகூட ஆகவில்லை.

‘இன்ட்’ என்று தட்டிவிட்டாள். கம்ப்யூட்டர் நினைவில் நான்கு பைட் இடம். முழு எண்ணுக்கு மட்டும்.

புள்ளிக்குப் பின்னால் வருவதெல்லாம் தள்ளுபடி.

ஒன்று புள்ளி ஒன்பது கிலோ பிள்ளை, அவள் கணக்கில் ஒரு கிலோ. சந்தையில் தொள்ளாயிரம் கிராம் கத்தரிக்காயை எவனாவது சும்மா விடுவானா?

அவள் விட்டிருக்கிறாள். பிள்ளைக்குப் பாதி மருந்து.

இன்று காலை ஆபீசில் வேறெதையோ சோதிக்கப்போய்க் கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரியில் யாரும் போனை எடுக்கவில்லை.

கதவைத் திறந்தவர் அன்னபூஷணம் சிஸ்டர். “எடை...” என்று ஆரம்பித்தாள்.

“அந்த மெஷின்தானே? மொத நாளே தெரியும்மா. ஒன்னே முக்கால்னு அடிச்சா, ஒன்னுங்குது. மீன் வாங்க வர்றவங்ககூட இப்படிக் குறைச்சுக் கேக்கமாட்டாங்க. உங்க ஆபீசுக்குப் போன் போட்டா, ஸ்க்ரீனைத் துடைச்சுட்டுப் பாக்கச் சொன்னாங்க. போங்கடான்னு நான் பேனாவுலயே போட்டுக்கிட்டேன்.”

மேசைமேல் நீள நோட்டு. எந்திரம் சொன்ன அளவு. அதன் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் பேனாவில் எழுதிய அளவு. டாக்டர் கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் அப்படியே.

நோட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். விரல் வைத்து வரிவரியாக எண்ணினாள்.

குழந்தைகள் ஒன்பது.

வீட்டுக்குப் போனவை ஏழு.

மீதி இரண்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு வீறிட்டன.