பாதிக்குப் பாதி

குளக்கரைப் புற்றில் இருந்த எறும்புகளுக்குத் தவளைதான் மழை நிலவரம் சொல்லிவந்தது. ஒருநாள் அது, "நாளைக்கு மழை வர பத்துக்கு ஏழு வாய்ப்பு" என்றது. மறுநாள் வெயில் கொளுத்தியது.

எறும்புகள் கூட்டம் போட்டுத் தவளையை நடுவில் நிற்க வைத்தன.

"பொய் சொல்லிட்டியே!" என்றது தலைவி எறும்பு.

"மீதி மூணு வாய்ப்பும் இருந்துச்சேம்மா. ஒரு நாளை மட்டும் வச்சு என்னை எடை போடாதீங்க. ஏழுன்னு நான் சொன்ன நாளையெல்லாம் சேர்த்துப் பாருங்க. பத்துல ஏழு நாள் நனைஞ்சிருப்பீங்க."

"நனைஞ்சதையெல்லாம் யாரு ஞாபகம் வச்சுக்கிறது?" என்று தலைவி அதை வேலையிலிருந்து நீக்கிவிட்டது.

அந்த இடத்துக்கு ஓணான் வந்தது. தினமும் அதற்கு ஒரே பதில்: "பாதிக்குப் பாதி." மழை வந்தால், "சொன்னேன்ல?" என்று தலையாட்டும். வராவிட்டாலும், "சொன்னேன்ல?" என்று தலையாட்டும். ஒருநாள்கூட அது தப்பாகச் சொன்னதில்லை என்று எறும்புகளுக்கு ஒரே பெருமை.

ஐப்பசியில் ஒரு காலை வானம் கறுத்தது. "பத்துக்கு ஒன்பது! முட்டைகளை மேட்டுக்குத் தூக்குங்க!" என்று குளத்திலிருந்து தவளை தொண்டை கிழியக் கத்தியது.

தலைவி திரும்பி ஓணானைப் பார்த்தது.

"பாதிக்குப் பாதி" என்றது ஓணான்.

எறும்புகள் அப்படியே செய்தன. முட்டைகளில் பாதியை மேட்டுக்குத் தூக்கின, மீதியைப் புற்றிலேயே விட்டுவிட்டன. மாலையில் கொட்டிய மழையில் புற்று கரைந்து போனது.

தலைவி மேட்டில் நின்று, மிஞ்சிய முட்டைகளைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதது. பிறகு ஓணானின் காலில் விழுந்தது.

"சரியாப் பாதி போயிடுச்சு சாமி! உங்க வாக்கு அப்படியே பலிச்சிடுச்சு!"