சலீம் செய்த தப்பு

"தப்பு என்னோடதுதான் சார்" என்று மீட்டிங்கில் சலீம் எழுந்து நின்றதும், முதலில் உச்சுக்கொட்டியது நந்திதாதான்.

அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நியாயம் பேசுவதில் மட்டும் எப்போதோ நிரந்தரமாகிவிட்டாள்.

ஓடிக்கொண்டிருக்கிற வர்ச்சுவல் மெஷினை, அதாவது சர்வருக்குள் சாஃப்ட்வேராகவே ஓடும் கம்ப்யூட்டரை, நிறுத்தாமலே ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற சாஃப்ட்வேர்தான் அந்தத் திருப்பதி கம்பெனியின் பிழைப்பு. மாற்றும் நேரத்தில், மெமரியில் எங்கெங்கே எழுதினோம் என்று டிஸ்க்கும் நெட்வொர்க் கார்டும் ஒரே பொது இடத்தில் குறித்துக்கொண்டே வரவேண்டும். டிஸ்க் முடித்த உடனே புரோகிராம் அந்த இடத்தையே காலி செய்துவிட்டது. நெட்வொர்க் கார்டு அதன்பிறகு எழுதியது எதுவும் புது சர்வருக்குப் போய்ச் சேரவில்லை.

அப்படி மாற்றும்போது சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரியின் வர்ச்சுவல் மெஷின் படுத்துவிட்டது. லாரிகளை எடை போட்டு உள்ளே விடும் கணக்கெல்லாம் அதில்தான். நல்ல சீசன். லாரி லாரியாக மாம்பழம் கேட்டிலேயே நின்று அழுகியது.

"பந்தியில ஒருத்தர் துன்னு எழுந்தா, பக்கத்துல துன்னுகினு இருக்கறவங்களோட சேத்தா பாயைச் சுருட்டுவாங்க?" என்று நந்திதா டீக்கடையில் எல்லாருக்கும் விளக்கினாள். "இத்தினி வருஷம் இன்னா சர்வீஸோ."

எல்லாரும் சிரித்தார்கள். சலீம் டீயை ஊதிக் குடித்தான்.

வெள்ளிக்கிழமையோடு அவன் பெங்களூர் போகிறான். வழியனுப்பு விழாவுக்கு வரமாட்டேன் என்று நந்திதா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்துக் கைதட்ட மனசாட்சி இடம் தரவில்லையாம்.

டீம் லீடர் சடகோபனோ, சலீம் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தப்பைச் சரிசெய்யக் கற்றுக்கொள்ளச் சொல்லி அவளையே அனுப்பினார்.

"புரோகிராம்ல அந்த அழகான வரியைக் காட்டுங்கண்ணா, பாக்கலாம்."

சலீம் ரொம்பத் தயங்கினான். விடாமல் கேட்டபிறகு காட்டினான்.

அவள் ஸ்கிரீனுக்குக் கிட்டே குனிந்து படித்தாள். சேர்ந்த புதிதில், மெமரியை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று அவளே எழுதிய வரி.

"பாத்துட்டு சரின்னு விட்டது நான்தானே" என்றான் சலீம் தணிந்த குரலில். "நான் போறவன். உனக்கு வேலை நிரந்தரமாவணும். பரவாலேது, விடும்மா."

அவன் சொல்லச் சொல்ல, டிஸ்க், நெட்வொர்க் கார்டு என்று கடைசி டிவைஸ் முடிக்கும்வரை அந்த இடம் காலியாகாதபடி அவள் மாற்றி முடித்தாள்.

சடகோபன் வந்து எட்டிப் பார்த்து, ஆயிற்றா என்று கேட்டார்.

நந்திதா சலீம் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆச்சு சார். சலீம் அண்ணா ரொம்பத்தான் சொதப்பி வெச்சிருந்தாரு. நான் சரி பண்ணிட்டேன்."