பூட்டியிருந்த குளியலறை

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவது கட்டட ஒப்பந்ததாரர் செல்லப்பாண்டியின் வழக்கம்.

உத்தமபாளையத்தில் அவர் கட்டிய புது வீடு விலைபோகாமல் நின்றது. அதைப் பார்க்க வந்த ஹக்கீமும் மனைவி ஷர்மினும், பக்கத்துத் தெருவில் விற்பனைக்கு இருந்த ஆறு வருடத்து வீட்டையும் பார்த்துச் சொல்லும்படி அவரையே அழைத்துப் போனார்கள். புது வீட்டைத் தள்ளிவிட நல்ல வாய்ப்பென்று அவரும் உற்சாகமாகக் கிளம்பினார்.

“ஆடிச் சாரல் இந்த ஜன்னல் வழியா கட்டில் வரைக்கும் வரும், தங்கச்சி.”

“அப்படியாண்ணே?” என்றாள் ஷர்மின்.

“பாத்ரூம்ல வாட்டம் சரியில்ல. தண்ணியெல்லாம் ஹாலுக்குத்தான் ஓடியாரும். எவன் கட்டுனானோ. பேசாம நம்ம புது வீட்டை எடுத்துக்கங்க.”

ஷர்மின் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“பாத்ரூம் இன்னும் பூட்டித்தான் கெடக்குண்ணே. சாவி எங்கிட்ட இருக்கு.”

செல்லப்பாண்டி திரும்பிக் குளியலறைக் கதவின் பூட்டைப் பார்த்தார்.

“இந்த வீடும் நீங்க கட்டுனதுதான்னு வீட்டுக்காரவுக சொன்னாக. குறையெல்லாம் ஒங்க வாயாலயே கேக்கலாம்னுதான் கூட்டியாந்தோம். புது வீட்டுக் குறைய ஆறு வருசம் கழிச்சுத்தானே சொல்லுவீக? நாங்க இதையே வாங்கிக்கிறோம்” என்றாள் ஷர்மின்.

கிரயம் முடிந்த மறுநாளே செல்லப்பாண்டி தம் செலவில் கொத்தனாரை அழைத்து வந்து, குளியலறைத் தரையைப் பெயர்த்துச் சரிசெய்து கொடுத்தார். அங்கிருந்து நேரே தம் புது வீட்டுக்குப் போய், அதன் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறதென்று குனிந்து பார்த்தார்.