ஜாதிக்காய் மெல்லும் நேரம்

“டீச்சர், நீங்க ரொம்பச் சீக்கிரம் உதவி பண்றீங்க.”

“உதவி பண்ணாம வேற என்ன பண்ணச் சொல்றீங்க?”

“நான் வாயத் தெறந்தாலே மிச்சத்த நீங்க சொல்லி முடிச்சிடுறீங்க. அப்புறம் நான் எப்பலா பேசுறது?”

எங்கள் ஆங்கில வகுப்பின் முதல் நாளிலேயே குணாளன் அண்ணன் துளசி டீச்சரிடம் இப்படிக் கேட்டுவிட்டார். டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. மற்ற பதினொரு பேரும் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தோம்.

அடுத்த சனிக்கிழமை மேசைமேல் ஒரு போத்தல் இருந்தது. உள்ளே சர்க்கரையில் ஊறிக் காய்ந்த ஜாதிக்காய்ப் பழச்சதைத் துண்டுகள்.

எங்களிடம் கேள்வி கேட்டதும் டீச்சர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்வார். மென்று முடிக்கும் வரை பேசமாட்டார்.

அந்த நேரம் முழுக்க எங்களுடையது. தடுமாறலாம், கையை ஆட்டலாம், முதலிலிருந்து தொடங்கலாம். யாரும் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள்.

மூன்றாம் மாதம், பினாங் ஸ்ட்ரீட் சேலைக் கடையில் வேலை செய்யும் நான், ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம் தனியாகப் பேசி மூன்று சேலை விற்றேன். அவர் கேட்டது ஒரு சேலைதான்.

போத்தல் காலியானால் அண்ணன்தான் புதிதாக வாங்கி வருவார். எனக்கு அது சரியாகப் படவில்லை. பக்கத்து நாற்காலி சாதிக்குக்கும் படவில்லை.

“அண்ணே, டீச்சர் கழுத்துல தாலி இருக்குலா. பாத்து” என்றான் சாதிக்.

“பாத்துட்டேன் தம்பி” என்று சிரித்தார் அண்ணன்.

ஆங்கிலத்தில் யாரிடமாவது கேட்டே ஆகவேண்டிய ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாளில் எழுந்து நின்று சொல்லவேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

அண்ணனின் தாள் மடித்தபடியே சட்டைப்பையில் கிடந்தது. பத்து காவான் ஊர்ப்பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெரிய பெரிய மெஷினையெல்லாம் அடக்குகிற மனிதர், அதைத் தொட்டாலே வியர்த்துப் போவார்.

“பேங்க், கிளினிக், எங்க போனாலும் எனக்காக இன்னொருத்தர் பேசிடுறாங்க தவமணி. இத மட்டும் நானே கேக்கணும்” என்றார் ஒருநாள்.

இன்று கடைசி வகுப்பு.

அண்ணன் எழுந்தார். தாளை எடுக்கவில்லை. நேராக டீச்சரைப் பார்த்தார்.

போச்சு, என்று நினைத்தேன். சாதிக் தலைகுனிந்துகொண்டான்.

டீச்சர் ஒரு துண்டை வாயில் போட்டார்.

அண்ணன் தொடங்கினார். நின்றார். மறுபடி தொடங்கினார்.

டீச்சரின் உதடு அசைந்தது. அவசரமாக இன்னொரு துண்டையும் போட்டுக்கொண்டார்.

பிறகு அண்ணன் ஆங்கிலத்தில், எங்கேயும் நிற்காமல், சொல்லி முடித்தார்:

“துளசி, திங்கட்கிழமை நம் மகள் அதிராவின் பாலர்பள்ளியில், அவளுடைய டீச்சரிடம் நான் பேசுகிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து, தயவுசெய்து, ஜாதிக்காய் சாப்பிடு.”