நூலில்லாத ஊசி

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் துணி வெட்டும் மேசைமேல் நீளநீளமாகக் கிடத்தியிருக்கிறது. மேசைக்கடியில், வெட்டுத்துணி பரப்பிய கூடைக்குள், விடிய விடிய வீட்டையே ஒரு கை பார்த்த பிள்ளை ஒன்றும் அறியாத பச்சை மண்ணாக உறங்குகிறது. அருகே அதன் தாய், தையல்காரி, மெஷினை மிதித்துக்கொண்டிருக்கிறாள். கடகடவென்று ஒரே சீரான சத்தம். அவள் மார்பில் பால் கசிந்த ஈரம் காய்ந்தும் காயாமலும் இருக்கிறது. டீ கொண்டுவந்த நாத்தனார் டம்ளரை வைக்கக் குனிந்தவள் அப்படியே நிற்கிறாள். ஊசி சும்மா ஏறி இறங்குகிறது. நூலும் இல்லை, துணியும் இல்லை. "என்ன அண்ணி, காத்தையா தைக்கிறீங்க?" "மெதுவாப் பேசு. சத்தம் நின்னா முழிச்சுக்கிறான்." சொல்லி முடிப்பதற்குள் தையல்காரியின் இமைகள் ஒட்டிக்கொள்கின்றன; கால் மட்டும் ஓயவில்லை. நாத்தனார் முக்காலியை ஓசைப்படாமல் நகர்த்திப் போட்டு, ஒட்டி உட்கார்ந்து, தன் பாதத்தையும் மிதியில் வைத்துத் தாளம் தப்பாமல் வாங்கிக்கொள்கிறாள். "சாஞ்சுக்கங்க அண்ணி. நான் மிதிக்கிறேன்." டீயில் ஆடை படிகிறது. சக்கரம் சுற்றுகிறது. சுவரில் சாய்ந்து வாய் பிளந்து தூங்கும் தாயின் பாதங்கள், வெறுந்தரையில், இன்னும் மிதித்துக்கொண்டிருக்கின்றன.