பதினஞ்சு நாளைக்கு மருதாணி வேணாம்

சாரம் பகுதியில் தோல் டாக்டரின் மாடி அறை. நாலு மணி வெயில் திரையைத் தாண்டி மேசைமேல் விரித்த பச்சைத் துணியில் விழுகிறது. அதில் ஹாஜிராவின் இரண்டு கைகளும் கவிழ்ந்து கிடக்கின்றன. அவள் ரத்தத்தையே எடுத்து மெஷினில் சுற்றி, தெளிந்து வந்த மஞ்சள் நீரைச் சுருக்கம் போகப் புறங்கை முழுக்க ஊசியால் ஏற்றி முடித்தாயிற்று. குத்திய இடமெல்லாம் எறும்பு கடித்ததுபோலத் தடித்திருக்கிறது. நர்ஸ் ரூபி பஞ்சால் ஒற்றிக்கொண்டே சாவகாசமாகச் சொல்கிறாள்: "பதினஞ்சு நாளைக்கு மருதாணி வேணாம்க்கா."

ஹாஜிரா விருட்டென்று நிமிர்கிறாள். "நாளைக்கு எம்பொண்ணுக்கு மருதாணி வக்கிறாங்கம்மா. ஞாயித்துக்கெழம நிக்காஹ். அதுக்குத்தானே ஓடியாந்தேன்!"

"நீங்க முன்னாடியே சொல்லலியே."

"நீயும் கேக்கலியே! சரி, சுருக்கமாவது அதுக்குள்ள போயிடும்ல?"

"தெரியறதுக்கு மூணு மாசம் ஆவும்க்கா."

மின்விசிறிக் காற்று பட்டுக் கை எரிகிறது. இத்தனை வருடமும் ஒவ்வொரு கல்யாணத்திலும் சுருக்கம் தெரியாமல் மருதாணியை அப்பிச் சமாளித்த கை. ஒரே மகள் கல்யாணத்துக்கு மட்டும் நிஜமாகவே வழுவழுவென்று இருக்கட்டும் என்று ஆசைப்பட்டுவிட்டாள்.

மேசை ஓரத்தில் போன் அதிர்கிறது. மகள் ரூமானா. ரூபியே எடுத்து ஸ்பீக்கரில் போடுகிறாள். "அம்மா, மருதாணிக்கார அக்கா கேக்கறாங்க. மொதல்ல ஒங் கைதானாம். எப்பவும் போல முழங்கை வரைக்கும் ரொப்பிடலாமா? எத்தினி மணிக்கு வரச் சொல்லட்டும்?"

"மூணு மாசம் கழிச்சு வரச் சொல்லுடி!" என்று எரிந்து விழுகிறாள் ஹாஜிரா.