பின்னணியில் சோபா

"ஒரே ஒரு நாற்காலி போதும்மா. ஒரு மூலையில உக்காந்து பேசிட்டு உடனே எழுந்து போயிடறேன்."

லவுஞ்ச் வாசலில் நின்று கெஞ்சியவரை வரவேற்புப் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். வாரா வாரம் விமானம் ஏறுகிறவர். அவர் அட்டையை நீட்டும் முன்பே அவள் கதவைத் திறந்துவிடுவாள்.

இப்போது கதவே இல்லை. அது இருந்த இடத்தில் பிளைவுட் தடுப்பு. தடுப்பு முழுக்க வரப்போகும் புது லவுஞ்சின் படம்: நீலச் சோபா, பக்கத்தில் விளக்கு, பெரிய இலைகளோடு ஒரு செடி. அதற்கு மேலே, 'புதுப்பிப்புப் பணிக்காகத் தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.' நேரில் வருந்துவதற்கு அவளைச் சம்பளம் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள்.

"உள்ள தரையே இல்ல சார். பேத்துப் போட்டுட்டாங்க. நாற்காலியெல்லாம் லாரியில ஏறிப் போயிடுச்சு."

அவள் சொன்னதற்குச் சாட்சியாகத் தடுப்புக்குப் பின்னால் டிரில்லிங் மெஷின் அலறியது. வேலைக்காக வாசல் பக்கத்து ஏ.சி.யையும் நிறுத்தியிருந்தார்கள். அவர் கோட்டைக் கழற்றிக் கைகளின் மேல் போட்டிருந்தார். அப்படியும் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"பொண்ணு கூப்பிடுவா. ஒவ்வொரு தடவையும் இங்கேருந்துதான் அவகிட்ட வீடியோவுல பேசுவேன். லவுஞ்சைக் காட்டலேன்னா அப்பா வேலைக்குத்தான் போறார்னு நம்ப மாட்டா."

"மூடிட்டாங்கன்னு சொன்னா புரிஞ்சுக்குவா சார்."

"சொல்லலாம். ஆனா இன்னிக்கு மட்டும் எல்லாம் வழக்கம்போல இருக்கணும்."

அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவருக்கு நரைத்த மீசை. இன்னொருவன் இளைஞன், அவருடைய பையைத் தோளில் மாட்டியிருந்தான்.

"ரெண்டு அசிஸ்டென்ட்டா! பெரிய ஆளாயிட்டீங்க சார்," என்று அவள் பேச்சை மாற்றப் பார்த்தாள்.

"ஆமாம்மா. இவங்க இல்லாம ஒரு அடி எடுத்து வைக்க முடியறதில்ல."

இளைஞன் களுக்கென்று சிரித்தான். மீசைக்காரர் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"பொது ஹால்ல நிறைய இடம் இருக்கே சார்?"

"அங்க எல்லாரும் பாப்பாங்க."

நாலு பேரோடு உட்கார்ந்தால் குறைந்தா போய்விடுவார் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் மேனேஜருக்குப் போன் போட்டுப் பார்த்தாள். "மந்திரியே வந்தாலும் விடாத. சீலிங் தலையில விழுந்தா நீயா பதில் சொல்வே?" என்று வைத்துவிட்டார்.

அப்போது இளைஞனின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவன் மீசைக்காரரைப் பார்த்தான். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"சார், இப்படி வாங்க," என்றாள் அவள் அவசரமாக. "இந்தப் படத்துக்கு முன்னால நில்லுங்க. கொஞ்சம் முட்டியை மடக்குங்க. அவ்வளவுதான், சோபாவுல உக்காந்த மாதிரியே இருக்கு."

இளைஞன் போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

"மேல எழுத்து தெரியுது தம்பி. கீழ இறக்குங்க," என்றாள் அவள்.

"நான் என்ன சினிமாவா எடுக்கறேன்?" என்று முணுமுணுத்தாலும் இறக்கினான்.

"அப்பா!" திரையில் ஒரு சின்ன முகம், முன்பல் இரண்டும் இல்லாமல். "சோபாவை மாத்திட்டாங்களா?"

"ஆமாடா. புதுசு. நல்லாருக்கா?"

"ஏன் யாருமே இல்ல?"

"உங்கப்பா வரார்னு எல்லாரையும் எழுப்பி அனுப்பிட்டாங்க."

குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. மடக்கிய முழங்கால் நடுங்க, அவரும் சிரித்தார்.

"எப்பப்பா வருவீங்க?"

"வேலை முடிஞ்சதும்."

"எப்ப முடியும்?"

டிரில்லிங் சத்தம் அந்த நேரம் பார்த்துத்தான் நிற்க வேண்டுமா? அவர் மீசைக்காரரைப் பார்த்தார். மீசைக்காரர் தரையைப் பார்த்தார்.

"அம்மாகிட்ட குடுடா."

"அம்மா வர மாட்டாங்களாம். கதவுக்குப் பின்னால நிக்கறாங்க." குழந்தை போனை எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டு எழுந்து நின்றது. "சரி, டாட்டா காட்டுங்க. நான் ரெண்டு கையாலயும் காட்டுவேன்."

காட்டவும் செய்தது. அவர் தலையை ஆட்டினார்.

"தலை இல்லப்பா, கை!"

அவர் மறுபடியும் தலையைத்தான் ஆட்டினார். மூக்கு நுனியில் வியர்வை திரண்டு நின்றது. அதைத் துடைக்கவும் இல்லை.

"கையைக் காட்டுங்கப்பா!" குழந்தையின் உதடு பிதுங்கிவிட்டது.

பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. பெற்ற பிள்ளைக்குக் கையசைக்கவா இத்தனை பிகு? "கோட்டை என்கிட்ட குடுங்க சார், நான் வெச்சுக்கறேன்," என்று கிசுகிசுத்தபடி கையை நீட்டினாள்.

மீசைக்காரர் சட்டென்று குறுக்கே வந்தார். குழந்தைக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"எடுக்காதீங்கம்மா, விலங்கு போட்டிருக்கு."